அடுப்படி லவுட்ஸ்பீக்கர்

தன் மனைவி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் சாவதில்லை என்று, ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே ஜானகிராமன் தீர்மானம் செய்தார்.

நியாயமான தீர்மானம்தான். நேரே கேட்டுவிடுவது சுலபம். ஆனால் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்காத கேள்வியைத் திடீரென்று கேட்டால், அஞ்சலாட்சி அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மிளகுக் கஷாயம் போட்டுவிடுவாள். முன்பு ஒருமுறை, "நீ சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டதற்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டு வேளை குடிக்க வேண்டியிருந்தது.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு பொய். ஒரே ஒரு வார்த்தைப் பொய்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜானகிராமன் நெல்லித்தோப்பிலிருந்து தினம் சைக்கிளில் போய், முப்பது வருஷமாக ஓர் அலுவலகத்தில் பிரெஞ்சில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். தெரிவித்துக்கொள்ளும் பெருமையை அடைகிறேன் என்று தொடங்கி, ஆழ்ந்த மரியாதையைச் சமர்ப்பிக்கிறேன் என்று முடியும் கடிதம். நடுவில் ஒரு வரி விஷயம் இருக்கும். சமயத்தில் அதுவும் இருக்காது. இப்போது கோப்புகள் இங்கிலீஷில் வர ஆரம்பித்தன. குமாஸ்தாக்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை என்றார்கள். ஜானகிராமன் எழுதினார். தேறவில்லை. அதை வீட்டில் வந்து சொல்லியும் விட்டார்.

அங்கேதான் தப்புப் பண்ணினார். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதமும் வல்லாரை. ஞாபக சக்திக்கு நல்லது என்று அஞ்சலாட்சி காலையில் வல்லாரைத் துவையல், மத்தியானம் வல்லாரைக் கூட்டு, ராத்திரி வல்லாரை தோசை என்று போட்டுத் தாக்கினாள். ஜானகிராமனுக்குப் பிறந்தது முதல் நடந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, இங்கிலீஷைத் தவிர.

இரண்டாவது தடவையும் தேறவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்தார். அடுப்படியிலிருந்து வல்லாரை வாசனை வந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அஞ்சலாட்சி.

"பாஸ்."

அவர் சொல்லவில்லை. நாக்கு சொல்லிவிட்டது.

அஞ்சலாட்சி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வல்லாரை நின்றது. நிம்மதியும் நின்றது.

சரி என்றால் என்ன அர்த்தம்? நம்பிவிட்டாளா? நம்பாமல் விட்டுவிட்டாளா? இவ்வளவுதான் இந்த ஆள் என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டாளா? ஒரே மகளையும் கடலூருக்குக் கட்டிக் கொடுத்துவிட்ட பிறகு, வீட்டில் இருந்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கு நடுவில் அந்தச் "சரி" மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது எதிரில் இருந்தது. படுக்கும்போது பக்கத்தில் இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஜானகிராமன் அடுத்த வீட்டு அக்பர் அலியின் கடைக்குள் போனார். அக்பர் அலி ரேடியோ ரிப்பேர் செய்பவர்; ஜானகிராமனைப் பிரெஞ்சு மரியாதையில் "முசியே" என்றுதான் கூப்பிடுவார். வீட்டின் முன்னறைதான் கடை. அன்று மேஜைமேல் ஒரு பொருளைக் குடல் தெரியத் திறந்து வைத்திருந்தார். பின்னால் கனத்த இரும்புக் குடம். முன்னால் கறுப்புக் காகிதத்தில் ஒரு கூம்பு.

"என்ன தம்பி இது, இந்தக் கனம் கனக்குது?"

"லவுட்ஸ்பீக்கர், முசியே. உலகச் சண்டைக்கு முந்தி வந்த ரேடியோவுல இருந்தது. இப்ப வர்றதுல உள்ளங்கை அளவு காந்தம் ஒண்ணு வெச்சு முடிச்சிடறான். அந்தக் காலத்துல அவ்வளவு பலமான காந்தம் ஏது? அதனால இரும்பைச் சுத்தி சேர் கணக்குல செப்புக் கம்பி சுத்தினான். கரண்டு விட்டா காந்தம். நிறுத்தினா வெறும் இரும்பு."

"நாற்காலியில இருக்கற ஆபீசர் மாதிரி."

"அதே. இந்தக் கூம்பு அடியில பாருங்க, சின்னக் கம்பிச் சுருள். காந்தத்துக்கு நடுவுல நூலளவு சந்து. அதுக்குள்ள எதுலயும் முட்டாம தொங்குது. பாட்டு அதுக்குள்ள வந்தா சுருள் ஆடும், கூம்பு ஆடும், காத்து ஆடும், நம்ம காது ஆடும். நடுவுல ஒரு தூசி விழுந்தா முடிஞ்சுது. பாடறவனுக்குத் தொண்டை கட்டிக்கும்."

ஜானகிராமன் ஆர்வமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அக்பர் அலிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இன்னொரு வேடிக்கை காட்டட்டா? இந்த ஹெட்போனைக் காதுல மாட்டிக்கினு அந்த மூலையில போய் நில்லுங்க."

மாட்டிக்கொண்டு நின்றார். அக்பர் அலி இரண்டு கம்பியை இடம் மாற்றினார். கூம்பின் முன்னால் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். ஜானகிராமனின் காதுக்குள் கடவுள் பேசுவதுபோல் குரல் கேட்டது:

"முசியே, சட்டை பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க."

பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார்.

"எப்படி?" என்றார், பட்டனைச் சரிசெய்தபடி.

"பேசினா கூம்பு ஆடுது இல்ல? சுருள் காந்தத்துக்குள்ள ஆடும். ஆடினா கரண்டு பொறக்கும். கரண்டு கம்பியில ஓடும். அவ்வளவுதான். வாயா இருக்கறதே காதாவும் இருக்கும்."

ஜானகிராமனின் முகம் சூடாயிற்று. யோசனை வந்த வினாடியே வெட்கமும் கூட வந்தது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் யோசனைதான் மூத்தது.

"இதை நான் எடுத்துக்கட்டுமா, தம்பி?"

"எதுக்கு முசியே?"

"அடுப்படியில மாட்டிட்டா அஞ்சலாட்சி பாட்டுக் கேட்டுக்கினு சமைப்பா. பாவம், தனியா இருக்கறா."

"நல்ல மனசு" என்றார் அக்பர் அலி.

அந்த இரண்டு வார்த்தையும் லவுட்ஸ்பீக்கரைவிடக் கனத்தன. லவுட்ஸ்பீக்கரைப் பொருத்திய மரப்பெட்டி, ஹெட்போன், அந்த இரண்டு வார்த்தை, எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அஞ்சலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் ஸ்டூல்மேல் ஏறி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பெட்டியை மாட்டுவதைப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"உனக்குத்தான். பாட்டுக் கேக்கறதுக்கு."

"எனக்கா?"

"ஆமா."

"நான் கேட்டனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

"கேட்டதையே செஞ்சதில்லையே, அதுக்குச் சொல்றேன். அதுல ஏன் நாலு கம்பி தொங்குது?"

"ரெண்டு பாட்டுக்கு. ரெண்டு காந்தத்துக்கு. கரண்டு இருந்தாத்தான் காந்தம். இல்லன்னா வெறும் இரும்பு."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. உள்ள கையை விடாதே."

"பின்னால பலகையே இல்லாம தொறந்து கிடக்குதே?"

"காத்து வேணும். சூடாவும்."

அவள் அந்த மரப்பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். "சரி" என்றாள்.

மறுபடியும் "சரி". ஜானகிராமன் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார்.

ஏற்பாடு கச்சிதமானது. முன்னறையில் ரேடியோ. அதன் பக்கத்தில், அக்பர் அலி கம்பியை இடம் மாற்றியதைப் பார்த்து அவரே போட்ட ஒரு சுவிட்சு. மேலே தள்ளினால் அடுப்படியில் பாட்டு. கீழே தள்ளினால் அடுப்படி அவர் காதில். நடுவில் நிறுத்தினால் எல்லாம் ஓய்வு. அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் விட்டுப்போன நீண்ட மத்தியான இடைவேளை போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேல்தான் திரும்பிப் போவார். மத்தியானத்தில் ரேடியோவுக்கும் ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துவிடும் என்று அஞ்சலாட்சியிடம் சொல்லிவைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, அது தெரியாமல் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார். பார்ப்பவர்களுக்குத் தலைவலிக்காரர். உள்ளே ஒற்றர்.

முதலில் கேட்டது "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். கரண்டின் இரைச்சல். அதற்குப் பின்னால் அடுப்படி. அஞ்சலாட்சி தாளித்தாள். கடுகு வெடித்ததில், தெருவில் துப்பாக்கிச் சூடு என்று எண்ணி ஜானகிராமன் நாற்காலிக்கு அடியில் பாதி போய்விட்டார். அம்மியில் தேங்காய் அரைத்தபோது உப்பளம் பக்கம் கப்பல் தரைதட்டுவது போலிருந்தது. அப்புறம் ரமீஜா வந்தாள். அக்பர் அலியின் மனைவி. தினம் மத்தியானம் வேலை முடிந்ததும் கொல்லை வழியாக வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது வழக்கம்.

ஜானகிராமன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார்கள். கருவாட்டில் உப்பு குறைந்துபோனதைப் பற்றிப் பேசினார்கள். உழவர்கரையில் யாரோ வீட்டு எருமை கன்று போட்டதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். கன்றின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி. எருமைக்குப் பெயர்கூட இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் ஓடின. அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஜானகிராமனுக்கு எருமைமேல் பொறாமை வந்தது.

வெள்ளிக்கிழமை ரமீஜா வரவில்லை. அடுப்படி அமைதியாக இருந்தது. திடீரென்று அஞ்சலாட்சியின் குரல், ரொம்பத் தாழ்வாக, யாரையோ கெஞ்சுவது போல்:

"எந்திரி. எந்திரி. கொஞ்சம் ஒத்துழை, என் கண்ணு. இதோ, இன்னும் ரெண்டு பாத்திரம்தான்."

யாரோடு பேசுகிறாள்? ஜானகிராமன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு ஒரு முனகல். கையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம்.

முட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

முட்டி வலி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை மாதமாக வலிக்கிறதோ? எத்தனை வருஷமாக? தினம் அவர் எதிரில்தானே உட்கார்ந்து எழுந்திருக்கிறாள்? அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேவு பார்த்ததற்கு வெட்கப்படுவதா, வேவு பார்த்த பிறகுதான் தெரிந்தது என்பதற்கு வெட்கப்படுவதா என்று அவருக்குத் தீரவில்லை.

சாயங்காலம் தைலக் குப்பியோடு வந்தார்.

"என்னாங்க இது?"

"முட்டிக்கு."

"யாரு முட்டிக்கு?"

"உன் முட்டிக்குத்தான்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லணுமா? மனசுல அக்கறை இருந்தா தெரியும்" என்றார் ஜானகிராமன். சொல்லும்போதே காதுமடல் எரிந்தது.

அஞ்சலாட்சி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணாந்து அந்த மரப்பெட்டியையும் ஒருமுறை பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம் முதல் அடுப்படியில் காற்று மாறி வீசியது.

"அக்கா, இன்னிக்கு என்னா கொழம்பு?" என்றாள் ரமீஜா.

"என்னத்த கொழம்பு. சங்கரா மீனு துன்னு எவ்வளவு நாளாவுது தெரியுமா? நாக்கு செத்துப் போச்சுடி. எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னா உடனே வாங்கியாந்துடுவாரு. அவரு மாதிரி மனசு யாருக்கும் வராது. ஆனா நான்தான் தொந்தரவு குடுக்க வாணாம்னு இருக்கறேன்."

அவரு மாதிரி மனசு! ஜானகிராமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் சங்கரா வந்தது.

"ஐய, எப்படிங்க தெரிஞ்சுது?" என்று அஞ்சலாட்சி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"தோணிச்சு."

அடுத்த நாள் கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருப்பதாக அடுப்படி பேசியது. ஜானகிராமன் புதுக் கயிறு போட்டார். கொல்லைத் தட்டி சாய்ந்து நிற்பதாகப் பேசியது. நட்டுவைத்தார். ஞாயிற்றுக்கிழமை கடலூர் போய் மகளைப் பார்க்க ஆசை என்று பேசியது. பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார். மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்று பேசியபோது, ஐம்பத்து மூன்று வயசு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அடுப்படியில் ஒரு புகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கன்னத்தில் ஒரு கை.

இரண்டு மாதத்தில் அவர் நாலு சுற்று இளைத்தார். ஆனால் மனைவியின் மனசை இவ்வளவு நுட்பமாக அறிந்த கணவன் புதுச்சேரியில் இல்லை என்று அவருக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. அப்புறம் சாய்வு நாற்காலியில் துண்டைச் சுற்றும்போது அந்த நினைப்பு நழுவிவிடும். திருட்டுத்தனமாகச் சேர்த்த நல்ல பெயர். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுதான். பார்த்து எழுதியவன் பாஸாகியிருப்பான்.

நிறுத்திவிடலாம் என்று தினம் நினைத்தார். தினம் மத்தியானம் சுவிட்சைக் கீழே தள்ளினார். அந்தச் "சரி"க்கு இன்னும் பதில் வரவில்லையே.

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

"அக்கா, காரைக்கால்ல இருக்கறான் இல்ல என் தம்பி சிராஜுதீன், அவனுக்குப் பினாங்குல வேலை. கம்பெனியில இருந்து கடுதாசி வந்திருக்குது. எல்லாம் இங்கிலீஷு. எந்தத் தேதியில நாகப்பட்டினத்துல கப்பல் ஏறணும்னு அதுல போட்டிருக்குதாம். ஒண்ணும் புரியல."

"இதுக்கா கவலப்படற? எங்க வீட்டுக்காரரு இங்கிலீஷு பரீட்சையில பாஸு. தெரியாதா உனக்கு?"

ஹெட்போனுக்குள் ஜானகிராமனின் காதுகள் வேர்த்தன.

"தேதி தப்பாயிட்டா வேலை போயிடும் அக்கா. வீட்டுல அந்த ஒரு சம்பாத்தியம்தான்."

"எங்க வீட்டுக்காரரு சொன்னா சொன்னதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடுதாசியக் கொண்டா. அவரு சொல்ற தேதியில உன் தம்பி கண்ண மூடிக்கினு போவட்டும்."

நம்பியிருக்கிறாள்! அந்தச் "சரி"க்கு அதுதான் அர்த்தம். மூன்று மாதமாகக் காத்திருந்த பதில் வந்துவிட்டது. அதோடு வெள்ளிக்கிழமையும் வரப்போகிறது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அலுவலகத்தில் இங்கிலீஷ் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்தார். வெள்ளிக்கிழமை அலுவலகத்திலேயே தங்கிவிடலாமா? காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? படுத்தால் கஷாயம் வரும். அதைக் குடித்துவிடலாம். ஆனால் கடிதம் சனிக்கிழமை வரும். சனிக்கிழமையும் இங்கிலீஷில்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கதவைத் தட்டும் சத்தம். ஹெட்போனைப் பிடுங்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். ரமீஜா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடிதத்தை நீட்டினாள். அவள் பின்னால், கதவு நிலையில் சாய்ந்தபடி அஞ்சலாட்சி.

"படிச்சுச் சொல்லுங்க, அண்ணே."

ஜானகிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தட்டச்சில் ஒரு பக்கம். பாதி வார்த்தைகளுக்குப் பிரெஞ்சு முகஜாடை இருந்தது. சொந்தக்காரர்கள் மாதிரி நின்றன. ஆனால் அந்தச் சொந்தக்காரர்களை நம்பித்தான் இரண்டு தடவையும் பரீட்சையில் விழுந்தார். தேதிகள் மூன்று இருந்தன. ஒன்று கப்பலுக்கு. ஒன்று டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு. ஒன்று எதற்கோ. எது எதற்கு?

ஒரு தேதியைச் சொல்லிவிடலாம். மூன்றில் ஒன்று சரியாக இருக்கும். தப்பானால்? நாகப்பட்டினத்தில் பெட்டியோடு ஒரு பையன் நிற்பான். கடல் காலியாக இருக்கும்.

கடிதத்தை மடியில் வைத்தார்.

"அம்மா ரமீஜா," என்றார். தொண்டையில் தூசி விழுந்த லவுட்ஸ்பீக்கர் போல் குரல் கரகரத்தது. "இதை வேற யார்கிட்டயாவது காட்டும்மா. நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்களா. எனக்குத் தெரியாது. நான் பாஸ் இல்ல. ரெண்டு தடவையும் பாஸ் இல்ல. உங்க அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல். அது இவ்வளவு அகலமாக இருந்தும் ஒரு மனிதன் உள்ளே போக முடியவில்லை.

"பரவால்ல அண்ணே," என்றாள் ரமீஜா. முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சிராஜு கப்பல் ஏறிப் போய் வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆவுது. தேதியப் பாத்தீங்களே, வருஷத்தப் பாக்கலியா?"

ஜானகிராமன் பார்த்தார். போன வருஷம்.

"நான் போயி சோத்த வடிக்கறேன், அக்கா" என்று ரமீஜா கொல்லைப் பக்கம் ஓடினாள். ஓடிய வேகத்தில் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஜானகிராமன் மெதுவாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது பரீட்சை எழுதப் போன அன்னிக்கே. பேனாவுல நான்தான மை ரொப்பிக் குடுத்தேன்? திரும்பி வந்தப்ப தொறந்து பாத்தேன். ரொப்பினது ரொப்பினபடி இருந்துச்சு. மை செலவாகாம யாருங்க பாஸாவறாங்க?"

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

"வேற என்னா சொல்றது? பொய்யின்னு சொல்லியிருந்தா நீங்க பத்து நாளு சாப்பிட மாட்டீங்க. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. இப்ப சொன்னீங்க. அந்தப் புள்ள பொழப்பு கெட்டுடும்னு தெரிஞ்சதும் சொன்னீங்க இல்ல, அது போதும் எனக்கு. வல்லாரை செய்ய மாட்டேன். பயப்படாதீங்க."

ஜானகிராமனுக்குக் கண் கலங்கியது. மூன்று மாதமாக எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது ஆள் எழுந்து போய்விட்டான். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு! இவளையா வேவு பார்த்தோம்? இனி ஒரு நிமிஷமும் அந்தச் சனியன் சுவரில் இருக்கக் கூடாது. அவளுக்குத் தெரியாமலே அதைக் கழற்றி அக்பர் அலியிடம் கொடுத்துவிட்டால், இரண்டாவது பாவம் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு வாக்குமூலம் போதாதா?

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அஞ்சலாட்சி பின்னாலேயே வந்தாள்.

"என்னா பண்றீங்க?"

"இது... தொண்டை கட்டிக்கிச்சு. மசாலாத் தூசி உள்ள போயிருக்கும். கழட்டிக் குடுத்துடலாம்னு."

"கொஞ்சம் இருங்க."

அவள் கையைத் தூக்கி, கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். மரப்பெட்டியின் திறந்த முதுகுப் பக்கம் நீட்டினாள். "டக்." ஊசி இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"தலை முடிஞ்சிக்கும்போது ஊசிய இதுலதான் ஒட்டவெப்பேன். பாட்டு நின்னுச்சுன்னா ஊசி கீழ விழுந்துடும். கரண்டு இருந்தாத்தான் காந்தம்னு நீங்கதான சொன்னீங்க? முட்டிக்குத் தைலம் கொண்டாந்தீங்க பாருங்க, அதுக்கு மறுநாளு மத்தியானம். பாட்டு இல்ல. ஊசி விழல. ரேடியோ தூங்குதுன்னீங்க. தூங்கற ரேடியோவுக்குக் காந்தம் எதுக்குன்னு யோசிச்சேன்."

ஜானகிராமன் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி நின்றார். முன்னறையில் சுவிட்சு கீழேயே இருந்தது.

"ஊசி ஒட்டியிருந்தப்ப சங்கரான்னு சொன்னேன். சங்கரா வந்துச்சு. ஒருநாளு ஊசி விழுந்திருந்தப்ப வஞ்சிரம்னு சொன்னேன். வரல. மறுபடியும் ஒட்டியிருந்தப்ப கயிறுன்னேன். கயிறு வந்துச்சு. அதுக்கு மேலயும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அக்பர் அலி தம்பிகிட்ட போயி, பாட்டு வராதப்ப காந்தம் இருந்தா என்னா அர்த்தம்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. அப்புறம்தான் ஓடு மாத்தணும்னு சொன்னேன்."

கூரை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிய கூரை. தெரு முழுக்கப் பார்த்தது.

"அப்போ என்னைப் பத்தி... அவரு மாதிரி மனசு யாருக்கும் வராதுன்னு..."

"ஓட்டு மேல ஏத்தணும் இல்ல?"

ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்பது? பிரெஞ்சில் என்றால் அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார். தமிழில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முதல் திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தார்.

"இறங்குங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"வேணாம் அஞ்சலா. இது இங்க இருக்க வேணாம். எனக்கே அசிங்கமா இருக்குது."

"இருக்கட்டும். அசிங்கமும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். இருபத்தெட்டு வருஷத்துல நான் பேசறத நீங்க எழுந்து போகாம கேட்டது இந்த மூணு மாசந்தான்."

அவர் ஸ்டூல்மேலேயே நின்றார். அவள் ஊசியைப் பிடுங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மணையில் உட்கார்ந்தாள்.

"போயி ஹெட்போன மாட்டிக்கினு உட்காருங்க. உங்களப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."